ஏற்றுக்கொள்ளப்பட

பெஞ்சுரு சாலை விடுதி வாசலில்
புதிதாக வந்து நிற்கிறது ஓர் எந்திரம்.
நான்கு மொழி பேசும் என்றார்கள்.
தமிழில் அதைப் பேசவைத்தவள் நான்.
சொல்லுக்கு இருபத்திரண்டு காசு,
நிறுத்தற்குறி இலவசம்.

முதல் திங்கள் காலை
வரிசையில் ஐந்தாவதாக நின்றவர் செல்லக்கண்ணு.
இரவு வேலை முடிந்து, காலணியில் சிமென்ட் காயாமல்
அட்டையை வைத்தார், பெருவிரலை வைத்தார்.
திரை நடுவே எழுந்தது ஒரு சாம்பல் பெட்டி,
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
தலையில் தேதி: ஆகஸ்ட் 18 – 27.
அதன் கீழே

*உங்கள் விடுப்பு ஏற்றுக்கொள்ளப்பட*

அவ்வளவுதான். மேற்கொண்டு இடமில்லை.

பட்டதா?
படவில்லையா?

கொஞ்சம் காத்திருந்தார்,
பேச்சின் நடுவே எச்சில் விழுங்கும் ஒருவருக்காகக்
காத்திருப்பதுபோல.
பெட்டியின் ஓரத்தை விரலால் பிடித்து
வலப்பக்கம் இழுத்தார், பத்தாத போர்வையை இழுப்பதுபோல.
நகரவில்லை.
குனிந்து எந்திரத்தின் பக்கவாட்டைப் பார்த்தார்,
மிச்ச எழுத்து அங்கே வழிந்து கிடக்குமோ என்று.
அங்கே ஒரு மின்கம்பி,
யாரோ குடித்துப்போட்ட மைலோ பொட்டலம்.

பின்னால் நின்றவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்.
"பட்டாச்சுண்ணே, இல்லேன்னா செகப்புல வந்திருக்கும்."
"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தனுக்கு இப்படித்தான் வந்து, அப்புறம்…"
அந்த வாக்கியமும் முடியவில்லை.
லாரி வந்துவிட்டது.

அவர் எடுத்த படம் அலுவலகம் போய்
ஆங் மோ கியோ காப்பிக்கடையில் என்னிடம் வந்தது.
என் கோப்பி ஓ ஆறிக்கொண்டிருந்தது.

நிரல் எழுதிய வெய் ஹான் பொறுமைசாலி.
பெட்டியின் அகலம் மாறாது என்றான்.
யாரோ, எந்த நாட்டிலோ, எப்போதோ அளந்தது.
சீனத்தில் பாதிகூட நிரம்பவில்லையாம்.
"'இல்லை'யை முன்னால் போடேன்,
எங்களுக்கு அது வினைக்கு முன்பே வந்துவிடுமே."

என்ன சொல்ல?
எங்களுக்குக் கடைசிவரை கேட்கவேண்டும்.
'வர' என்பதுவரை சிரித்த முகத்தோடு வந்து
'மாட்டேன்' என்று திரும்பிக்கொள்ளலாம்.
'கொடுக்க' என்று கை நீட்டி
'முடியாது' என்று மடக்கிக்கொள்ளலாம்.
பெண் பார்க்க வந்தவர்கள், வங்கிக்காரர்,
என் முன்னாள் கணவர்,
எல்லாரும் அந்தக் கடைசி அசையில்தான் குடியிருந்தார்கள்.

சுருக்கினேன்.
*விடுப்பு ஏற்பு. விடுப்பு மறுப்பு.*
'உங்கள்' போயிற்று. அதோடு மரியாதையும்.
லாரிக்குப் பின்னால் ஏறியவர்கள்போல
முழங்கால் மடக்கி
உட்கார்ந்துகொண்டன சொற்கள்.

வெய் ஹானுக்கு மனசு கேட்கவில்லை.
இரண்டு வாரம் கழித்துப் பெட்டியை அகலமாக்கிவிட்டான்.
முழு வாக்கியத்தையும் திருப்பி வைத்தேன்,
'உங்கள்' உட்பட.
இப்போது எல்லாம் தெரிந்தது,
'சரி' என்ற பொத்தானைத் தவிர.
அது திரையின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.
படிக்கலாம், மூட முடியாது.

இருபத்து நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை,
நானே பார்க்கப் போனேன்.
மழை விட்டிருந்தது. வாசலில் செருப்புகள், குடைகள்.
எந்திரத்தின் முன்னால் ஒரு புதுப் பையன்
திகைத்து நின்றான். பக்கத்தில் ஒருவர்,
சட்டைப்பையில் பெயர் அட்டை: செல்லக்கண்ணு.

தேதியை மனதுக்குள் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.
எதுவும் கேட்கவில்லை.

அவர் கீழே இருந்த விசைப்பலகையைக் காட்டிக்கொண்டிருந்தார்.
"கண்ணுக்குத் தெரியாது தம்பி, ஆனா இருக்கு.
டேப்ப மூணு வாட்டி தட்டு. எண்ணிக்க.
அப்புறம் எண்டர்."

பையன் எண்ணினான்.
திரைக்கு வெளியே எங்கோ
'சரி' அழுந்தியது.